சமூக வன வள உரிமை கோரும் முறை: குடியிருப்புக் கூட்டம் முதல் உரிமை ஆவணம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பழங்குடிக் குடியிருப்பு, தன் வழக்காற்று எல்லைக்குள் இருக்கும் காட்டைப் பாதுகாக்கவும் மேலாண்மை செய்யவும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமை கோருவதற்கான படிகள் இங்கே வரிசையாகத் தரப்பட்டுள்ளன. தமிழ்நாட்டின் மலைப்பகுதிக் குடியிருப்புகளையும் அவற்றுக்கு உதவச் செல்லும் இளைஞர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தனிநபர் நில உரிமைக்கான மனு வேறு. அதை இதில் சேர்க்கவில்லை.

படிவத்தைத் தவறாக நிரப்பியதால் தோற்ற மனுவை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். படிவத்துக்கு முன் நடந்திருக்க வேண்டிய கூட்டமும் பேச்சும் நடையும் நடக்காததால் திரும்பி வந்த மனுக்களே அதிகம். அதனால் கீழே படிவம் ஒன்பதாவது படியில்தான் வருகிறது.

1. தொடங்குமுன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

சட்டம், 2008ஆம் ஆண்டின் விதிகள், 2012 செப்டம்பரில் வந்த திருத்த விதிகள் ஆகிய மூன்றின் தமிழ்ப் படியும் கையில் இருக்க வேண்டும். பழைய விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு பேசுபவர்கள் அலுவலகங்களில் இன்னும் இருக்கிறார்கள்; சபையின் சார்பில் மனுவைத் தயாரிக்கும் வன உரிமைக் குழுவின் அமைப்பும், கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற வரம்பும் 2012இல் மாறிவிட்டன.

குடியிருப்பின் வாக்காளர் பட்டியல், பக்க எண்ணிட்ட ஒரு தீர்மானப் பதிவேடு, அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒப்புகை வாங்கி வைக்க ஒரு கோப்பு ஆகியவையும் வேண்டும். வனத்துறை, வருவாய்த்துறை வரைபடங்களைக் கேட்டு, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தலைமையிலான உட்கோட்ட அளவிலான குழுவுக்கு இப்போதே கடிதம் எழுதிவிடுங்கள். அவற்றைக் கிராம சபைக்குக் கொடுப்பது விதி 6இன்படி அந்தக் குழுவின் கடமை. ஆனாலும் வந்து சேர நாளாகும்.

2. உங்கள் குடியிருப்பு சட்டத்தின் பார்வையில் ‘கிராமம்’ ஆகியிருக்கிறதா எனப் பாருங்கள்

தமிழ்நாட்டில் கிராம சபை என்றால் ஊராட்சி முழுவதற்குமான கூட்டம் என்றே பழகிவிட்டோம். ஆகஸ்ட் 15 அன்றோ அக்டோபர் 2 அன்றோ கூடும் அந்தப் பெரிய கூட்டத்துக்குத் தொலைவிலுள்ள பதியிலிருந்து (பழங்குடிக் குடியிருப்பிலிருந்து) பத்துப் பதினைந்து பேர் இறங்கி வந்து, குடிநீர்க் குழாய்த் தீர்மானத்துக்கும் தெருவிளக்குத் தீர்மானத்துக்கும் நடுவில் காட்டுரிமைத் தீர்மானத்தையும் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போவதுதான் நான் கண்ட முதல் தவறு. காட்டை அறியாதவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் சபை அந்தக் காட்டின் எல்லையைத் தீர்மானிப்பது பொருந்தாது. சட்டமும் அதைக் கேட்கவில்லை.

சட்டத்தின் 2ஆம் பிரிவு வன கிராமங்களையும் அளவை செய்யப்படாத குடியிருப்புகளையும் ‘கிராமம்’ என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. வருவாய்ப் பதிவிலும் வனப் பதிவிலும் இல்லாத குடியிருப்புகளை ஊராட்சி பட்டியலிட்டு, அந்தந்தக் குடியிருப்பின் சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, உட்கோட்டக் குழுவுக்கு நகல் அனுப்ப வேண்டும் என்று விதி 2ஏ சொல்கிறது. பட்டியலை இறுதி செய்வது மாவட்ட அளவிலான குழு. உங்கள் பதியோ பாடியோ கொம்பையோ செட்டில்மெண்டோ அந்தப் பட்டியலில் இருக்கிறதா என எழுத்துமூலம் கேளுங்கள். இல்லையென்றால் அதைச் சேர்ப்பதுதான் உங்கள் முதல் வேலை. இதைத் தாண்டிக் குதித்தால், பின்னால் எடுக்கும் ஒவ்வொரு தீர்மானத்தையும் ‘இது முறையான கிராம சபையே அல்ல’ என்ற ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியும்.

3. கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் இடத்தையும் குடியிருப்பு சொல்லட்டும்

தேன் எடுக்கும் பருவத்திலும் காப்பிப்பழம் பறிக்கும் பருவத்திலும் பகலில் கூட்டம் வைத்தால், முதியவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். எஸ்டேட் கூலி வேலையிலிருந்து பெண்கள் வீடு திரும்பும் நேரம், யானை நடமாட்டம் தொடங்கும் நேரம் ஆகிய இரண்டுக்கும் இடையில் கிடைக்கும் பொழுது மிகக் குறுகியது. அதைக் குடியிருப்பில் இருப்பவர்களால் மட்டுமே சரியாகச் சொல்ல முடியும்.

முதல் கூட்டத்தில் தீர்மானம் எதுவும் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. இந்த உரிமை என்ன தருகிறது, என்ன தராது என்பதை அவர்கள் மொழியில் விளக்கினால் போதும். சிறு வன மகசூலை (தேன், கிழங்கு, நெல்லிக்காய் போன்றவற்றை) சேகரிக்கவும் விற்கவும், மேய்க்கவும், மீன் பிடிக்கவும், பல்லுயிர் வளத்தை அணுகவும், காட்டைக் காத்து மேலாண்மை செய்யவும் பிரிவு 3(1) உரிமை தருகிறது. வேட்டையாடும் உரிமையை அது தருவதில்லை. உரிமை ஆவணம் வந்தால் நிலத்தை விற்கலாம் என்று யாராவது நம்பியிருந்தால், அந்த நம்பிக்கையை இந்தக் கூட்டத்திலேயே நீக்கிவிட வேண்டும்.

4. வன உரிமைக் குழுவை எண்ணிக்கைக்காக அமைக்காதீர்கள்

குழுவில் 10 பேருக்குக் குறையாமலும் 15 பேருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் பழங்குடியினராகவும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. தலைவரையும் செயலாளரையும் குழுவே தேர்ந்தெடுத்து, உட்கோட்டக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

எண்ணிக்கையை நிறைவு செய்வது எளிது. தலைவரின் மனைவி, செயலாளரின் அக்கா என்று பெயர் எழுதிக் கைநாட்டு வாங்கிய குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். களச் சரிபார்ப்பு நாளில் அலுவலர் அந்தப் பெண்களிடம் நேரடியாகக் கேள்வி கேட்டபோது அவர்கள் திகைத்து நின்றது அவர்கள் பிழையல்ல. கிழங்கு அகழும் இடம், கீரை பறிக்கும் இடம், கோடையிலும் வற்றாத ஊற்று ஆகியவற்றை உண்மையில் அறிந்த பெண்களைக் குழுவில் சேருங்கள். குழு கூடும்போது அவர்களை முதலில் பேச விடுங்கள்.

கூடலூர்ப் பகுதியைப் போலப் பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் அருகருகே வாழும் இடங்களில், நிலம் குறைவாக உள்ளவர்கள் பொதுக்கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. ஒவ்வொரு மக்களிடமும் அவர்கள் முற்றத்தில் தனியாக அமர்ந்து பேசிவிட்டு, பிறகு அனைவரையும் ஒன்றாகக் கூட்டுங்கள். வேட்டையும் சேகரிப்பும் வாழ்வாக இருந்த சிறு குழுவின் காட்டுப் பயன்பாடுதான் பெரும்பாலும் எல்லோரையும்விட விரிந்தது; அவர்கள் பேசாவிட்டால் எல்லை சுருங்கிவிடும்.

இன்னொன்று. வனத்துறை அமைத்த கிராம வனக்குழுவோ சூழல் மேம்பாட்டுக் குழுவோ வன உரிமைக் குழு ஆகாது. பதிவேடும் வங்கிக் கணக்கும் ஏற்கெனவே இருப்பதால் அதையே பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள்.

5. தரையில் வரையும் படம் முதலில், அலுவலக வரைபடம் பிறகு

ஒன்றாம் படியில் கேட்ட வரைபடம் இதற்குள் வந்துவிட்டாலும் அதை விரிக்காதீர்கள். அச்சிட்ட காப்புக்காட்டு எல்லைக்கோட்டைக் கண்டதும், மக்கள் தங்கள் காட்டை அந்தக் கோட்டுக்குள் பொருத்தப் பார்ப்பார்கள். வனக்குழுவுக்கென்று துறை அளந்து கொடுத்த சில நூறு ஏக்கரையே ‘எங்கள் காடு’ என்று காட்டிவிட்ட ஊர்கள் உண்டு. சட்டம் கேட்பது வழக்காற்று எல்லையை. அது காப்புக்காட்டையும் சரணாலயத்தையும் தேசியப் பூங்காவையும் உள்ளடக்கலாம் என்று பிரிவு 2(ஏ) வெளிப்படையாகவே சொல்கிறது. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோளகர்களின் 25 கிராம சபைகளுக்குப் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே 2011இல் இந்த உரிமை வழங்கப்பட்டது. ‘இது புலிகள் காப்பகம், இங்கே செல்லாது’ என்று யாராவது சொன்னால், இந்த முன்னுதாரணத்தைக் காட்டுங்கள்.

பெண்களும் ஆண்களும் தனித்தனியாக வரையட்டும். ஒரு முற்றத்தில் கோலமாவையும் கூழாங்கற்களையும் வைத்துப் பெண்கள் வரைந்த படத்தில் ஆண்கள் குறிக்காத ஊற்றுகளும் விறகுத் தடங்களும் இருந்தன; ஆண்கள் வரைந்ததில் தேன்பாறைகள் வெகு தொலைவுக்கு விரிந்திருந்தன. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோதுதான் முழுக் காடும் தெரிந்தது. கைவிடப்பட்ட பழைய பதிகள், முன்னோரைப் புதைத்த இடங்கள், தெய்வம் இருக்கும் மரம், மடு, மலைமுடி ஆகியவற்றையும் கேட்டுக் கேட்டுக் குறியுங்கள். ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் வரலாமா என்ற வழக்கில், மக்களின் வழிபாட்டு உரிமை உள்ளிட்டவற்றைக் கிராம சபைகளே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்பின் கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. தெய்வம் இருக்கும் இடத்தைப் படத்தில் குறிப்பது அந்த அளவுக்குப் பொருள் உடையது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மருந்துச் செடிகளின் பெயரையும் அவை வளரும் துல்லியமான இடத்தையும் அலுவலகத்துக்குப் போகும் படத்தில் எழுத வேண்டாம். ‘மருந்து எடுக்கும் பகுதி’ என்று பரப்பைக் காட்டினால் போதும். அந்த அறிவு சமூகத்தின் அறிவுசார் உரிமை; மனுவை வலுப்படுத்தும் ஆர்வத்தில் அதைப் பொதுக்கோப்பில் சேர்த்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

6. பக்கத்து ஊர்களோடு உட்காருங்கள்

இந்தப் படியைத் தவிர்த்த மனுக்களே நெடுங்காலம் கிடப்பில் கிடக்கின்றன. ஒரே ஓடையில் இரண்டு பதிகள் மீன் பிடிக்கும். ஒரே மேட்டில் மூன்று ஊர்களின் மாடுகள் மேயும். காட்டின் எல்லை வேலி போட்ட எல்லையாக இருந்ததே இல்லை. அடுத்த ஊரார் ‘எங்களைக் கேட்காமல் எங்கள் காட்டை எழுதிக்கொண்டார்கள்’ என்று ஒரு மனுக் கொடுத்தால் போதும், உங்கள் கோப்பு நின்றுவிடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட கிராம சபைகள் பயன்படுத்தும் பகுதியானால், அவற்றின் வன உரிமைக் குழுக்கள் கூட்டாக அமர்ந்து பேசி, கண்டதை எழுதித் தத்தம் சபையில் வைக்க வேண்டும் என்று விதி 12 சொல்கிறது. உடன்பாடு எட்டவில்லை என்றால் மட்டுமே அது உட்கோட்டக் குழுவுக்குப் போகும். பகிர்ந்து பயன்படுத்தும் பகுதியை ‘பொது’ என்று இரு மனுக்களிலும் குறித்து, யார் எந்தப் பருவத்தில் எதற்காக வருவார்கள் என்பதையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒன்பதாம் படியில் வரும் மனுப் படிவமான படிவம் சியில் இதற்கு இடம் இருக்கிறது.

மேய்ப்பவர்களை மறந்துவிடாதீர்கள். பர்கூர் மலையைப் போலக் காட்டுக்குள் பட்டி போட்டு மாடு மேய்க்கும் இடங்களில், பருவகாலத்தில் மட்டும் வருபவர்களின் பயன்பாட்டையும் சட்டம் ஏற்கிறது. பழங்குடியல்லாத குடும்பங்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து வாழ்ந்திருந்தால் அவர்கள் இதர பாரம்பரிய வனவாசிகள் ஆவர். அவர்களை விலக்கி மனுப் போட்டால் வேலை எளிதாகும் என்ற எண்ணம் வரும். நியாயமும் அல்ல, எளிதும் ஆகாது.

7. எல்லையை நடந்து பாருங்கள்

இப்போது அலுவலக வரைபடத்தை விரிக்கலாம். முதியவர் இருவர், பெண்கள் இருவர், கைப்பேசியில் புவியிடங்காட்டிச் செயலியை இயக்கத் தெரிந்த ஓர் இளைஞர் என்ற அளவில் சிறு குழுவாக நடப்பது நல்லது. இணையம் இல்லாமலும் இயங்கும் செயலியை முன்பே பழகிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடையாளத்துக்கும் உள்ளூர்ப் பெயரையே எழுதுங்கள். அப்பெயரே அந்த இடத்தோடு இவர்களுக்குள்ள உறவுக்குச் சான்று.

புறப்படுவதற்குச் சில நாள் முன்பே வனச்சரகருக்கு எழுத்தில் தெரிவித்து, அந்தக் கடிதத்தின் ஒப்புகை நகலைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். இல்லையென்றால் முதல் வளைவிலேயே திருப்பி அனுப்பப்படலாம்.

8. சான்றுகள்

குறைந்தது இரண்டு வேண்டும். நான் ஐந்தாறு சேர்க்கச் சொல்வேன். பழைய மாவட்ட விவரக் கையேடு (கெசட்டியர்), வனச் செயல் திட்டம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஆய்வு நூல் போன்ற ஆவணங்கள் ஒரு வகை. மேய்ச்சல் நிலம், கிழங்கும் கனியும் எடுக்கும் பகுதி, மீன்பிடி இடம், நீர்நிலை, புனிதத் தோப்பு, இடுகாடு ஆகியவை விதி 13(2) ஏற்கும் இன்னொரு வகை. பின்னவற்றைப் படம் எடுத்து, வரைபடத்தில் எண்ணிட்டு இணையுங்கள்.

முதியவர் வாக்குமூலத்தில் பலரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். மனுதாரர் அல்லாத முதியவரின் வாக்குமூலம் என்பதுதான் விதியின் சொல். படிவம் சியில் ஊரே மனுதாரராக இருப்பதால், பக்கத்து ஊர் முதியவரிடம் எழுதி வாங்குவது பாதுகாப்பானது. ஆறாம் படியைச் செய்தவர்களுக்கு இது கடினமாக இராது.

குறிப்பிட்ட ஆவணம் ஒன்றைத்தான் கொண்டுவர வேண்டும் என்று எந்தக் குழுவும் வற்புறுத்தக் கூடாது. செயற்கைக்கோள் படம் பிற சான்றுகளுக்குத் துணையே தவிர மாற்று அல்ல. இரண்டும் விதி 12ஏயில் உள்ளவை. அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கோப்பின் முதலில் வையுங்கள்.

9. படிவம் பி, படிவம் சி

படிவம் பி பயன்பாட்டு உரிமைகளுக்கானது: மகசூல், மேய்ச்சல், மீன், நீர், பல்லுயிர் அணுக்கம். படிவம் சி காட்டைக் காத்து மேலாண்மை செய்யும் உரிமைக்கானது. பியை மட்டும் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவது பரவலான தவறு. அந்த உரிமையால் நெல்லிக்காய் எடுக்கலாம். ஆனால் அந்த நெல்லி மரங்களுக்கு என்ன ஆக வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் உங்கள் சபை இராது. இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். இரண்டையும் சபையின் சார்பில் தயாரிப்பது வன உரிமைக் குழுவின் பொறுப்பு.

படிவம் சியுடன் சபை உறுப்பினர் அனைவரின் பெயரையும், பழங்குடியினரா இதர பாரம்பரிய வனவாசியா என்ற குறிப்புடன் இணைக்க வேண்டும். ஊரில் அனைவரும் அவ்விரு வகையினராக இருக்க வேண்டிய தேவை இல்லை. சிலர் இருந்தாலே மனுக் கொடுக்கலாம் என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறது.

10. களச் சரிபார்ப்பு

நாளைக் குறித்து வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுதி ஒப்புகை பெறுங்கள். அவர்கள் வந்தால், பதிவில் பெயர், பதவி, தேதி, கருத்து ஆகியவற்றுடன் கையெழுத்திட வேண்டும். வராவிட்டாலும் சரிபார்ப்பை நிறுத்தாதீர்கள். அறிவிப்பு கிடைத்தும் வராத துறை, பின்னர் ‘நாங்கள் இல்லாமல் நடந்தது’ என்று ஆட்சேபித்தால் மனு மறு சரிபார்ப்புக்காகச் சபைக்குத் திரும்பும்; அப்போதும் அவர்கள் வராவிட்டால் சபையின் முடிவே இறுதியானது என்று விதி 12ஏ சொல்கிறது. ஒரு பதியில் அலுவலருக்காக மூன்று முறை நாளைத் தள்ளிப்போட்டு மழைக்காலம் வந்துவிட்டது. ஒப்புகைச் சீட்டு ஒன்றை நம்பி முதல் நாளே நடந்திருக்கலாம்.

11. தீர்மானக் கூட்டம்

குழுவின் அறிக்கை சபையில் வாசிக்கப்பட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களும் பின்தொடரும்படி வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டு இடம் இடமாகச் சொல்லுங்கள்.

சபை உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும். குடியிருப்பில் 120 பெரியவர்கள் இருந்தால் 60 பேர் வர வேண்டும். சரியாக 60 பேர் வந்தால் அவர்களில் 20 பேராவது பெண்கள். வருகைப் பதிவில் ஆண், பெண் தனித்தனியாக எண்ணி எழுதிவிட்டுத்தான் தீர்மானத்தைத் தொடங்க வேண்டும். இந்த எண்ணிக்கை எழுதப்படாததாலேயே திரும்பி வந்த தீர்மானங்கள் உண்டு.

12. உட்கோட்டக் குழுவும் மாவட்டக் குழுவும்

கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மூலப் பதிவேட்டைக் கொடுத்துவிடாதீர்கள். சான்றிட்ட நகல் போதும்.

குறை இருந்தால் குழு மனுவை நிராகரிக்காமல் மறுபரிசீலனைக்காகச் சபைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். எந்த முடிவானாலும் எழுத்தில், காரணத்துடன் வர வேண்டும். அதை எதிர்த்து மேல்குழுவுக்கு முறையிட 60 நாள் உண்டு. ‘உங்கள் மனு தள்ளுபடியாகிவிட்டது’ என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி ஓய்ந்துவிடாதீர்கள், எழுத்து கேளுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் இடம்பெயரச் சொல்லி அழுத்தம் வரலாம். உரிமை அங்கீகாரமும் சரிபார்ப்பும் முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்பது பிரிவு 4(5). புலிகள் காப்பகங்களிலும், உரிமைகளை முடிவுசெய்து, கிராம சபையின் தெளிந்த சம்மதத்தைப் பெற்ற பிறகே இடமாற்றம் நடக்கலாம் என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

13. ஆவணத்தை வாங்கும் நாளில்

விழா மேடையில் கொடுக்கப்படும் காகிதத்தைப் படித்துப் பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை. முன்கூட்டியே நகலைக் கேட்டு வாங்கி, நான்கைச் சரிபாருங்கள்: பரப்பும் எல்லையும் நீங்கள் கோரியதா, பெயர் கிராம சபையின் பெயரா, துறையின் குழு எதன் பெயரும் நுழைந்திருக்கிறதா, சட்டத்திலும் விதியிலும் இல்லாத நிபந்தனை எதுவும் சேர்ந்திருக்கிறதா. அவற்றுக்கு அப்பால் எந்த நிபந்தனையும் விதிக்கப்படவில்லை என்று சமூக வன வள உரிமை ஆவணத்தின் மாதிரியிலேயே ஒரு வரி உண்டு. பிறகு, மூன்று மாதத்துக்குள் இந்த உரிமை வன, வருவாய்ப் பதிவுகளில் ஏற வேண்டும். அதற்கும் கடிதம் எழுதித் தொடருங்கள்.

14. மேலாண்மைக் குழு

விதி 4(1)(இ)யின்படி சபை தன் உறுப்பினர்களிலிருந்து ஒரு பாதுகாப்புக் குழுவை அமைத்து, காட்டுக்கான மேலாண்மைத் திட்டத்தை எழுத வேண்டும். மகாராஷ்டிரத்தின் மேண்டா லேகா கிராமம் 2009இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேருக்கு உரிமை பெற்றது. ஆனால் வெட்டிய மூங்கிலைக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டைக் கிராம சபையே வழங்கும் நிலை 2011இல்தான் வந்தது. ஆகவே போக்குவரத்து அனுமதிச் சீட்டு யார் கையால் வழங்கப்படும், விற்ற பணம் எந்தக் கணக்கில் சேரும் என்பதை இந்தக் குழுவின் முதல் கூட்டத்திலேயே முடிவுசெய்யுங்கள்.

திட்டம் ஐம்பது பக்கம் இருக்கத் தேவையில்லை. எந்தப் பாறையில் எத்தனை தேனடையை விட்டுவைப்பது, கல்பாசியை எந்த ஆண்டில் எந்தப் பக்கம் எடுக்காமல் விடுவது, உண்ணிச்செடியை எங்கிருந்து அகற்றத் தொடங்குவது, தீத்தடுப்புக்கு யார் எப்போது போவது என்று ஊர் ஏற்கெனவே அறிந்ததை எழுத்தாக்கினால் முதல் வடிவம் ஆகிவிடும். தரைத்தீ மூட்டும் பழைய வழக்கம் தடுக்கப்பட்ட பின்னரே உண்ணிச்செடி பெருகியது என்று சோளகர்கள் சொல்லிவருகிறார்கள். இப்படிப்பட்ட அவதானிப்புகள் உங்கள் ஊரிலும் இருந்தால், துறையின் செயல் திட்டத்துக்கு மாறாகத் தோன்றினாலும் எழுதிவையுங்கள். துறையின் திட்டத்தோடு இணைக்கும்போது தேவையான மாற்றங்களைச் செய்யும் அதிகாரம் உங்கள் குழுவுக்கே உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, வரைபடம் வரைந்த அதே முற்றத்தில், அதே பெண்களையும் முதியவர்களையும் வைத்துக்கொண்டு திட்டத்தை வாசித்துத் திருத்துங்கள்.